முக்காலி விரிக்காத படம்

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. செய்தித்தாளில் வாரா வாரம் ஓவிய விமர்சனத்தோடு அதுதான் அச்சாகும். ஆனால் ஓவியக்காரர்கள் மத்தியில் முப்பத்தோரு வருஷமாக அவர் முக்காலி. "முக்காலி வந்துட்டுப் போயாச்சா?", "முக்காலி எந்தப் படத்துக்கு முன்னால உட்கார்ந்தார்?" என்றுதான் பேச்சு. அவருக்கும் இது தெரியும். தெரியாத மாதிரி இருந்துகொள்வார்.

காரணம், அவர் கையோடு கொண்டுபோகும் மடக்கு முக்காலி. மூன்று மரக்கால், மேலே ஒரு தோல், மடக்கினால் குடை மாதிரி கக்கத்தில் இடுக்கிக்கொள்ளலாம். கண்காட்சி திறக்கும் மாலையில் அவர் அந்தப் பக்கமே தலைகாட்ட மாட்டார். அன்றைக்கு வருகிறவர்கள் படத்தைப் பார்க்க வருவதில்லை, வந்தவர்களைப் பார்க்க வருகிறார்கள் என்பது அவர் கட்சி. முன்கூட்டியே, ஆணியடித்த சுண்ணாம்புத் தூள் தரையில் கிடக்கும்போதே போய்விடுவார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு சுற்று. அப்புறம் நிதானமாக இன்னொரு சுற்று. எந்தப் படம் அவரைப் பிடித்து நிறுத்துகிறதோ அதற்கு முன்னால் முக்காலியை விரித்து அரைமணி நேரம் உட்காருவார். வாயே திறக்க மாட்டார். குறிப்பெடுப்பது, கைப்பேசியில் படம் பிடிப்பது எதுவும் கிடையாது. படம் பிடித்துவிட்டால், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று கண் சோம்பிவிடும் என்பார். எழுந்து போகும்போது ஓவியரைப் பார்த்து ஒரு தலையசைப்பு. வெள்ளிக்கிழமை பத்தி முழுக்க அந்த ஒரு படத்தைப் பற்றித்தான் இருக்கும்.

இதை வைத்து ஒரு சாஸ்திரமே வளர்ந்துவிட்டது. முக்காலி விரிந்தால் பிழைத்தாய். விரியாமல் தலை மட்டும் அசைந்தால், 'முயற்சி பாராட்டத்தக்கது' என்று நாலு வரி வரும். அதற்கு என்ன அர்த்தம் என்று குழந்தைக்கும் தெரியும். முக்காலியும் விரியாமல் தலையும் அசையாமல் போய்விட்டார் என்றால் கதை முடிந்தது. அப்படி நடந்தது ஒரே ஒரு தடவை. அந்த ஓவியர் இப்போது குளியலறை ஓடு விற்கிறார், நன்றாகவே இருக்கிறார், கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அந்தக் கதையைத் தானே சொல்லிச் சிரிக்கிறார்.

"உங்க முக்காலிக்கு இருக்கற மரியாதை உங்களுக்கு இல்ல," என்பாள் மனைவி. "அதை மட்டும் அனுப்பி வச்சுட்டு நீங்க வீட்டுல இருங்க. காத்தாட இருக்கும்."

அந்த மரியாதையும் கொஞ்ச வருஷமாகத் தேய்ந்துகொண்டுதான் வந்தது. முழுப் பக்கமாக இருந்த பத்தி அரைப் பக்கமாகி, கால் பக்கமாகி, கடைசியில் குறுக்கெழுத்துப் புதிருக்குப் பக்கத்தில் ஒண்டுக்குடித்தனம் வந்து சேர்ந்தது. புதிதாக வந்த இணைப்பிதழ் ஆசிரியர், நல்ல பையன்தான், ஒருநாள் கேட்டார்: "சார், அஞ்சுக்கு எத்தனை நட்சத்திரம்னு கீழ போட்டுடலாமா?"

"ஓட்டலுக்குப் போடற மாதிரியா?"

"ஆமா சார், அதே மாதிரிதான்," என்றார் ஆசிரியர், ஒரு கள்ளமும் இல்லாமல்.

காட்சிக்கூடங்களும் மாறிப்போயின. நாலு சுவரிலும் கண்ணாடி பதித்து, மேலே ஆயிரம் விளக்கைத் தொங்கவிட்டு, அதற்குள் ஜனங்களைப் படுக்கச் சொல்லித் தங்களைத் தாங்களே படம் பிடித்துக்கொள்ள விடுவது புதிய கலை. அப்படி ஒன்றுக்கு இவரும் போனார். எதற்கு முன்னால் உட்காருவது என்று தெரியாமல் நடுவில் முக்காலியை விரிக்கப் போக, காவலாளி ஓடி வந்து, "சார், உட்காரக் கூடாது, எல்லார் போட்டோவுலயும் நீங்க விழுவீங்க" என்று எழுப்பிவிட்டார். மற்ற விமர்சகர்கள் காலத்தைப் புரிந்துகொண்டார்கள். ஒருத்தர் கூடத்து முதலாளிகளுக்கே கையேடு எழுதப் போனார். இன்னொருத்தர் பணக்கார வீடுகளில் சோபா நிறத்துக்குத் தோதாகப் படம் தேர்ந்து கொடுக்கிறார். இவர் மட்டும் பிடிவாதமாக உட்கார்ந்திருந்தார். பார்த்ததை எழுதுவேன், பார்க்காததை எழுத மாட்டேன், யாருக்காகவும் ஒரு வரி கூட்டிக் குறைக்க மாட்டேன். அவரிடம் இருந்த சொத்து அது ஒன்றுதான். அதில் அவருக்குக் கர்வம் உண்டு. இல்லை என்று சொன்னால் பொய்.

அந்தச் சமயத்தில்தான் சாம்பலக்காவின் கண்காட்சி வந்தது.

சாம்பல் நிறத்தைத் தவிர வேறெதையும் தொடாததால் அந்தப் பெயர். வயது அறுபத்தொன்று. பிழைப்புக்குப் பல் மருத்துவப் புத்தகங்களுக்குப் பல் வரைந்து கொடுத்தார். முன்பல், கடைவாய்ப்பல், வேர் வளைந்த பல் என்று நாற்பது வருஷத்தில் எத்தனை ஆயிரம் பல் வரைந்தாரோ. இருந்தது தம்பி வீட்டுப் பின்கட்டில் ஓர் அறை. கடைசியாகக் கண்காட்சி வைத்துப் பதினொரு வருஷம் ஆகிவிட்டது. இந்தத் தடவையும் அந்தக் கூடத்துக்காரர் இடம் கொடுத்தது ஒரு பழைய தாட்சண்யத்தில்தான். அடுத்த மாதம் சுவரெல்லாம் மின்திரை மாட்டப்போகிறார்கள். அதற்கு முன்னால் ஒரு வாரம் காலியாக இருந்தது. "இதுதாங்க கடைசி ஆணி," என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார், படம் மாட்டும் ஆணிக்காரர்.

வியாழக்கிழமை மத்தியானம் விமர்சகர் போனபோது, சாம்பலக்கா வழக்கப்படி பின் அறைக்குள் போய்க் கதவை ஒருக்களித்துக்கொண்டார். முக்காலி பார்க்கும்போது ஓவியர் கண்ணில் படக்கூடாது, அது மரபு. கதவிடுக்கு வழியாகப் பார்க்காத ஓவியர் யாரும் இல்லை என்பதும் மரபு.

சின்னப் படங்கள் பதினான்கு. ஒழுங்காக, அடக்கமாக இருந்தன. கடைசிச் சுவரில் ஒரு பெரிய படம், ஆறடிக்கு எட்டடி. அன்று காலையில்தான் வந்து சேர்ந்திருந்தது; வண்ணம் முழுசாகக் காயக்கூட இல்லை. ஆட்கள் காலி செய்துவிட்டுப் போன ஓர் அறை. அலமாரி நின்ற இடம் சுவரில் வெளுப்பாக ஒரு செவ்வகமாகத் தெரிந்தது. தரையோரம் ஈரம் ஏறிய ஒரு கோடு. வலப்பக்கத்திலிருந்து வெளிச்சம் வந்தது, ஆனால் ஜன்னல் இல்லை. அவ்வளவுதான் படம்.

அதற்கு முன்னால் நின்ற அவருக்கு என்னவோ ஆயிற்று. அந்த அறையில் இருந்தவர்கள் இப்போதுதான், தான் உள்ளே நுழைந்த காரணத்தால்தான் எழுந்து போயிருக்கிறார்கள் என்று தோன்றியது. ஏன் அப்படித் தோன்ற வேண்டும்? தெரியவில்லை.  முப்பத்தோரு வருஷத்தில் எந்தப் படத்துக்கும் கலங்காத மனுஷர், அறுபத்தாறு வயசில், கண்ணில் தாரையாக நீர் வழிய நின்றார். ஆணிக்காரர் ஏணியோடு வரும் சத்தம் கேட்டது. வெட்கம் பிடுங்கித் தின்றது. கைக்குட்டையை முகத்தில் வைத்து, தும்மல் வந்த மாதிரி பாவனை செய்துகொண்டு, விடுவிடுவென்று வெளியே நடந்துவிட்டார். அந்தப் படத்துக்கு முன்னால் அவர் நின்றது மொத்தம் நாலு நிமிஷம் இருக்கும். முக்காலி கக்கத்திலேயே இருந்தது. பின் அறைப் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு ஒரே மூச்சில் எழுதினார். வழக்கமாகப் பத்து தடவை அடித்துத் திருத்துகிறவர், ஒரு சொல்லை மாற்றவில்லை. 'நான்கு சாம்பல்கள். ஒன்று சுவர், ஒன்று தரை, ஒன்று ஈரம், இன்னொன்று போனவர்கள்' என்று ஆரம்பித்தது கட்டுரை. வெளுத்த செவ்வகம், ஈரக்கோடு, ஜன்னலில்லா வெளிச்சம் எல்லாம் ஒவ்வொன்றாக வந்தன. 'என் வாழ்நாளில் பார்த்த மூன்று படங்களில் இது ஒன்று. மற்ற இரண்டை நான் இன்னும் பார்க்கவில்லை' என்று முடித்தார். முதலில் வாசிப்பது எப்போதும் மனைவிதான். ஏதாவது கிண்டல் பண்ணுவாள் என்று காத்திருந்தார். அவள் தாளை மடித்து மேஜையில் வைத்துவிட்டு, "இதை அப்படியே அனுப்புங்க" என்று மட்டும் சொன்னாள். ஆறு மணிக்கு அனுப்பினார். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு தன் தொழில்மேல் அவருக்கு மறுபடி ஆசை வந்தது.

வெள்ளிக்கிழமை காலை அச்சாயிற்று. மாலை கண்காட்சி திறந்தது. சனிக்கிழமை காலை மனைவியின் தம்பி கைப்பேசியில் ஒரு காணொளியை அனுப்பி, கீழே எழுதியிருந்தார்: 'மாமா, இப்பல்லாம் நேர்ல போகாமலே எழுதறீங்களாமே. நல்ல வசதி.'

காணொளியில் ஒரு பெண் சிரித்துச் சிரித்து அவர் கட்டுரையை வாசித்தாள். வாசித்துவிட்டுக் கைப்பேசியைச் சுவர் பக்கம் திருப்பினாள். கடைசிச் சுவரில் இரண்டு சின்னப் படங்கள் மாட்டியிருந்தன. பெரிய படம் இல்லை. "ஆறடிக்கு எட்டடியாம், எங்கே மறைச்சு வச்சிருக்காங்க, தேடிக் கண்டுபிடிங்க" என்றாள். பின்னால் நாலு பேர் சிரித்தார்கள். அதற்குள் லட்சம் பேர் பார்த்திருந்தார்கள். அவர் பத்தியை வாழ்நாளில் அத்தனை பேர் படித்ததில்லை.

அரக்கப் பரக்க ஓடினார். கூடத்தில் ஆணிக்காரர் மட்டும் இருந்தார். கூடத்துக்காரர் வியாழக்கிழமை அந்தப் பக்கமே வரவில்லையாம்.

"பெரிய படம் எங்கய்யா?"

"நீங்க போன கையோட அக்கா கழட்டச் சொல்லிட்டாங்க சார். பின்னால கொண்டுபோய் வச்சேன்."

"நீ பார்த்தியா அந்தப் படத்தை? அப்படி ஒண்ணு இருந்துச்சுன்னு நாலு பேர்கிட்ட சொல்ல முடியுமா?"

ஆணிக்காரர் தலையைச் சொறிந்தார். "நான் எப்பவும் பின்பக்கத்தைத்தான் சார் பார்ப்பேன். கம்பி, கொக்கி, சட்டம். முன்பக்கம் நமக்கு எதுக்கு?"

பின் அறையில் சாம்பலக்கா ஒரு பலகைமேல் உட்கார்ந்திருந்தார். மடியில் வெள்ளிக்கிழமை செய்தித்தாள். எதிரே சுவரில் சாய்ந்து நின்ற பெரிய திரைச்சீலை முழுக்க வெள்ளை. சுவருக்குப் பூசுகிற அகலப் பட்டைத் தூரிகையால் மேலிருந்து கீழ் வரை இழுத்துவிட்டிருந்தார்.

"ஏம்மா இப்படிப் பண்ணீங்க?"

"முக்காலி விரிக்கலையே சார்." குரலில் கோபம் இல்லை. "தலையும் அசைக்கல. மூக்கைப் பொத்திக்கிட்டுப் போனீங்க. கதவிடுக்குல பார்த்துட்டே இருந்தேன்."

"நான் அழுதேம்மா. அதை மறைக்கத்தான்."

சாம்பலக்கா மடியிலிருந்த செய்தித்தாளை மடித்தார். "எனக்கு அது நல்லா வந்திருக்குன்னுதான் தோணுச்சு," என்றார். "முதல் தடவையா தோணுச்சு. ஆனா நீங்க அப்படிப் போனதும், சரி, நம்ம கண்ணு நம்மள ஏமாத்துதுன்னு நினைச்சுக்கிட்டேன். உங்களைவிடவா எனக்குத் தெரியும்? நாளைக்கு எல்லாரும் வந்து அதைப் பார்த்து மூக்கைப் பொத்தறதுக்கு முன்னால நானே மூடிடலாம்னு பட்டையை எடுத்துட்டேன். ஒரு மணி நேரம்கூட ஆகல."

அவர் வெள்ளைச் சீலையின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தார்.   எழுத்தையே தொழிலாக வைத்திருக்கிறவர்களுக்கு இப்படிப்பட்ட நேரத்தில் நாக்கு மட்டும் வேலை செய்யாது.

திங்கட்கிழமை செய்தித்தாள் வருத்தம் தெரிவித்தது. இணைப்பிதழ் ஆசிரியர் தொலைபேசியில், "நான் உங்களை நம்பறேன் சார். ஆனா படம் இல்லையே. இருந்துச்சுன்னு நீங்க ஒருத்தர்தானே சொல்றீங்க" என்றார். வரைந்த அம்மாவும்தான் சொல்கிறார் என்றால், "அவங்க சொன்னா உங்களைக் காப்பாத்தச் சொல்றாங்கன்னு பேசுவாங்க சார்" என்று பதில் வந்தது. பத்தி நின்றது. அந்த இடத்தையும் குறுக்கெழுத்துப் புதிருக்கே கொடுத்துவிட்டார்கள். கட்டங்கள் இப்போது பெரிதாக, கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தன.

அடுத்த எட்டு மாதத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. காலையில் எழுந்து சவரம் செய்துகொள்வார், சட்டை மாற்றிக்கொள்வார், பிறகு போக இடமில்லாமல் நாற்காலியில் உட்காருவார். உறவுக்காரர் வீடுகளுக்குப் போவதை மனைவி நிறுத்திவிட்டாள். எங்கே போனாலும் யாராவது ஒருத்தர், "அண்ணி, அண்ணன் இன்னும் பார்க்காமத்தான் எழுதறாரா?" என்று ஆரம்பித்துவிடுவார்கள். அவள் அவரிடம் இதைச் சொல்லவில்லை. ஆனால் ஒருநாள் கல்யாணப் பத்திரிகை ஒன்றைப் பிரிக்காமலே அலமாரிக்குள் போட்டதை அவர் பார்த்தார்.

பிறகு சாம்பலக்காவிடமிருந்து தொலைபேசி வந்தது.

புதிதாகக் கட்டிய அருங்காட்சியகத்தில் 'தொலைந்த படைப்புகள்' என்று ஒரு கண்காட்சி வைக்கப்போகிறார்கள். அதன் பொறுப்பாளர், சுறுசுறுப்பான பெண், அந்தக் காணொளியைப் பார்த்திருக்கிறாள். ஒரே ஒருவர் மட்டும் பார்த்த படம் என்பது அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. படம் மீண்டும் கிடைத்தால் நிரந்தரமாக வாங்கிக்கொள்வார்கள். பக்கத்திலேயே கட்டுரையையும் பெரிதாக எழுதி வைப்பார்கள். சாம்பலக்கா வெள்ளையைத் துடைத்துப் பார்த்திருக்கிறார். அடியில் வண்ணம் ஈரமாக இருந்தபோது பூசியது. துடைக்கத் துடைக்க அதுவும் சேர்ந்து வந்துவிட்டது. மிச்சம் இருந்த கறைமேல் மறுபடி வரைந்து முடித்திருக்கிறார். அதே படம்தான் என்று பார்த்தவர் ஒரு பத்தி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பார்த்தவர் உலகத்தில் இவர் ஒருத்தர்தான்.

"வந்து பாருங்க சார். அதேதான்னா அதேன்னு எழுதுங்க. இல்லைன்னா இல்லைன்னுடுங்க. எனக்கு மறைக்காதீங்க."

தம்பி வீட்டுப் பின்கட்டு அறையில் பல் படங்கள் கட்டுக்கட்டாக அடுக்கியிருந்தன. பெரிய படத்தை வைக்கக் கட்டிலைத் தூக்கி நிமிர்த்திச் சுவரோடு சாய்த்திருந்தார். படத்துக்குப் பக்கத்தில் அவருடைய கட்டுரை குண்டூசியில் குத்தியிருந்தது. சில வரிகளுக்கு அடியில் பென்சில் கோடு.

அவர் பார்த்தார். எல்லாம் இருந்தது. நான்கு சாம்பல்கள் இருந்தன, எண்ணிப் பார்க்கலாம். அலமாரி நின்ற செவ்வகம் வெளுத்திருந்தது. ஈரக்கோடு தரையோரம் சரியாக ஓடியது. வலப்பக்கத்து வெளிச்சமும் இருந்தது, ஜன்னல் இல்லை. அவர் எழுதியதில் ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. அவர் எழுதாதது ஒன்றுகூட அதில் இல்லை. அன்றைக்கு அந்த அறையிலிருந்து யாரோ எழுந்து போயிருந்தார்கள். இந்த அறைக்கு யாருமே வந்ததில்லை.

அங்கே நிற்கும்போதே அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது. தன் எழுத்தில் சிறந்த எழுத்து இதுதான். அதை அடி பிசகாமல் பின்பற்றி ஒரு நல்ல ஓவியர் வரைந்தால் வருவது இவ்வளவுதான். அப்படியானால் முப்பத்தோரு வருஷம், ஆயிரத்து அறுநூறு வெள்ளிக்கிழமை, அவர் எழுதிக் குவித்ததில் எந்தப் படமாவது இருந்ததா? ஓவியங்களின் செவ்வகங்களையும் கோடுகளையும் கணக்கெடுத்துவிட்டு, உள்ளே இருந்தவர்களையெல்லாம் வெளியே விட்டுவிட்டாரா? 

சாம்பலக்கா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. ஜன்னலோரம் திரும்பி நின்று காத்திருந்தார். அந்த அம்மாவின் முதுகு அவ்வளவு ஒல்லி என்று அதற்கு முன் அவர் கவனித்ததில்லை. இல்லை என்றால் இந்த அம்மா மறுபடி பல் வரையப் போக வேண்டும். ஆமாம் என்றால் அருங்காட்சியகத்துச் சுவர். இரக்கம் வந்தது உண்மை. ஆனால் அதே நொடியில் மச்சினன் முகமும், காணொளிப் பெண்ணின் சிரிப்பும், அலமாரிக்குள் கிடந்த கல்யாணப் பத்திரிகையும் வந்தன. தன் கட்டுரை சுவரில் பெரிதாக நிற்பதும் வந்தது. இரக்கத்தின் தோளில் கை போட்டுக்கொண்டு சுயநலமும் கூடவே உள்ளே வந்துவிட்டது. எது முந்தியது என்று அவரால் கடைசி வரை சொல்ல முடியவில்லை.

"அதேதாம்மா," என்றார்.

"நிஜமாவா சார்?"

"அப்படியே இருக்கு."

அவர் வாழ்நாளில் ஒரு படத்தைப் பற்றிச் சொன்ன முதல் பொய் அது. சாம்பலக்கா உடனே திரும்பவில்லை. திரும்பியபோது முகத்தில் எதிர்பார்த்த சந்தோஷம் இல்லை. சோர்ந்துபோன மாதிரி இருந்தார். இத்தனை மாத அலுப்பு என்று அவர் நினைத்துக்கொண்டார். அங்கேயே பலகைமேல் வைத்து ஒரு பத்தி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அருங்காட்சியகம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை திறந்தது. இந்தத் தடவை அவர் முந்தின நாள் போகவில்லை. பொறுப்பாளர் பெண் வண்டி அனுப்பியிருந்தாள். மனைவி புதுச்சேலை கட்டிக்கொண்டு வந்தாள். மச்சினன் முதல் ஆளாக வந்து நின்று, "எனக்கு அப்பவே தெரியும் மாமா" என்று கையைப் பிடித்துக்கொண்டார். இணைப்பிதழ் ஆசிரியரும் வந்திருந்தார். மறுபடி எழுத வாருங்கள், நட்சத்திரம் எல்லாம் வேண்டாம் என்றார்.

பெரிய கூடம். கண்ணை உறுத்தாத விளக்கு. படத்துக்குப் பக்கத்தில் ஆள் உயரத்துக்கு அவர் கட்டுரை. ஜனங்கள் முதலில் கட்டுரையைப் படித்தார்கள். பிறகு படத்தின் பக்கம் திரும்பி, செவ்வகம், கோடு, வெளிச்சம் என்று ஒவ்வொன்றாக விரலை நீட்டிச் சரிபார்த்தார்கள். சரியாக இருந்ததில் எல்லாருக்கும் திருப்தி. ஒரு கல்லூரி ஆசிரியை அவரிடம் வந்து, "எழுதினதுல ஒண்ணுகூட மாறல சார். அப்படியே இருக்கு" என்றார். அவர் கும்பிட்டார். அந்தப் படத்துக்கு முன்னால் ஒருத்தர் கண்ணும் கலங்கவில்லை.

சாம்பலக்கா கூடத்தின் மறுகோடியில், கைப்பிடிச் சுவரோரமாக நின்றிருந்தார். இவர் போய்ப் பக்கத்தில் நின்றார்.

"அடுத்து என்னம்மா வரையறீங்க?"

"இல்ல சார். விட்டுட்டேன். பட்டை, தூரிகை எல்லாம் தம்பி பொண்ணு பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துட்டேன்."

"ஏம்மா? இப்பத்தானே..."

"அன்னைக்கு நீங்க வந்தப்போ, நீங்க இல்லைன்னு சொல்வீங்கன்னுதான் நின்னுக்கிட்டு இருந்தேன்." சாம்பலக்கா சாதாரணமாகத்தான் சொன்னார். கடைக்குப் போய் வந்த கதையைச் சொல்வது மாதிரி. "எனக்கு அது செத்த படமாத்தான் தெரிஞ்சுது. இப்பவும் அப்படித்தான் தெரியுது. பழசு அப்படி இல்ல, அதுல ஆள் இருந்துச்சுன்னு எனக்கு நல்லா ஞாபகம். ஆனா நீங்க அதேதான்னு சொல்லிட்டீங்க. நீங்க எதுலயும் பொய் சொல்ற ஆள் இல்ல, அது ஊருக்கே தெரியும். அப்ப போனது என் கண்ணுதானே சார்? உசிருள்ளதுக்கும் செத்ததுக்கும் வித்தியாசம் தெரியாத கண்ணை வச்சுக்கிட்டு என்ன வரையறது?"

ஒரே ஒரு வாக்கியம் போதும். உங்கள் கண் சரி, என் வாய்தான் பொய் என்று சொன்னால் போதும். அது நாக்கு நுனி வரை வந்தும் விட்டது. சொன்னால் சுவரிலிருந்து படம் இறங்கும், கட்டுரை இறங்கும், இந்த அம்மா தூரிகையை எடுத்தாலும் எடுப்பார்.

அப்போது பொறுப்பாளர் பெண் கையைத் தட்டிக்கொண்டு ஓடி வந்தாள். "ரெண்டு பேரும் படத்துக்கு முன்னால வந்து நில்லுங்க, ஒரே ஒரு போட்டோ" என்று இரண்டு பேர் முழங்கையையும் பிடித்து அழைத்துப் போனாள். மனைவி எதிரில் நின்று, அவர் சட்டைக் காலரைச் சரிசெய்யச் சொல்லிக் கையால் ஜாடை காட்டினாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவள் முகம் மலர்ந்திருந்தது.

அவர் காலரைச் சரிசெய்துகொண்டார்.

"இன்னும் கொஞ்சம் கிட்ட வாங்க," என்றார் போட்டோக்காரர். சாம்பலக்கா அவர் பக்கமாக ஒரு எட்டு நகர்ந்து நின்றார்.